“நீயுமா, புரூட்டஸ்?” – “ஆமாண்ணே, குரூப்ல போட்டிருந்தாங்க!”

கேள்வி: எங்கள் மன்றத்தின் குடும்ப தின விழாவில் போன வருடம் ‘நாடக வசனத்துக்கு நக்கல் பதில்’ என்று ஒரு நிகழ்ச்சி செய்தோம். ஒருவர் புகழ்பெற்ற வசனத்தைச் சொல்ல, இன்னொருவர் பதில் சொல்வார். 15 வசனம், 20 நிமிடம். ஷேக்ஸ்பியர் நாடகத்து இளவரசன் ஹாம்லெட் மண்டையோட்டைக் கையில் பிடித்தபடி “இருப்பதா, இல்லாமல் போவதா, அதுதான் கேள்வி” என்றதும், “நீ இருந்தா என்ன, போனா என்ன, உன் மூஞ்சியைப் பார்த்துப் பார்த்து எங்களுக்குத்தான் உயிர் போகுது” என்று பதில். முன்வரிசையில் நாலு பேர் சிரித்தார்கள், நாலு பேருமே செயற்குழு. இந்த வருடமாவது சிரிக்க வைக்க வழி சொல்லுங்கள்.
– செயலாளர், பட்டர்வொர்த்

பதில்: முதலில் அந்த மண்டையோட்டைக் கீழே வையுங்கள். “இருப்பதா” வசனம் மூன்றாம் அங்கத்தின் முதல் காட்சியில் வருகிறது. மண்டையோடு வருவது ஐந்தாம் அங்கத்து இடுகாட்டில். கூட்டத்தில் இலக்கியம் படித்த ஒரே ஓர் ஆசிரியர் இருந்தாலும் போதும், பக்கத்து நாற்காலிக்காரரிடம் அதைச் சொல்லிச் சொல்லியே உங்கள் அடுத்த மூன்று பதில்களைத் தின்றுவிடுவார்.

பெரிய கோளாறு பதிலில்தான். உங்கள் ஆள் சிரிக்க வைக்கப் பார்க்கிறார், ஹாம்லெட்டைத் திட்டுகிறார். பதில் சொல்பவர் தான் வேடிக்கை செய்வதே தெரியாதவராக இருக்க வேண்டும். தன் வேலையே கண்ணாக இருக்கும் ஒரு சின்ன மனிதர். வசனம் அவர் காதில் விழுகிறது. அவர் தொழிலில் அதற்கு என்ன அர்த்தமோ அதற்குப் பொறுப்பாகப் பதில் சொல்கிறார். ஹாம்லெட்டுக்குப் பக்கத்தில், சோறும் கறிக்குழம்பும் விற்கும் நாசி கண்டார் கடைக்காரரை நிறுத்திப் பாருங்கள். பொட்டலம் கட்டிக் கொண்டுபோவதை அவர் ‘புங்குஸ்’ என்பார்:

“இருப்பதா, இல்லாமல் போவதா…”
“இருந்து சாப்பிடுறீங்களாண்ணே, புங்குஸா?”

‘இரு’ என்ற ஒரே சொல்லில் இரண்டு பேரும் நிற்கிறார்கள், வேறு வேறு உலகத்தில். இந்த மாதிரிப் பொது ஆணி இல்லாத வசனத்தை எடுக்காதீர்கள்.

அடுத்தது சொல் வரிசை. குதிரையை இழந்த மூன்றாம் ரிச்சர்ட் போர்க்களத்தில் “ஒரு குதிரை! ஒரு குதிரைக்கு என் ராஜ்யம்!” என்று கத்துகிறான். பினாங்கில் பத்து ஃபிரிங்கி என்றொரு கடற்கரை இருக்கிறதே, அதை வைத்து “முப்பது வெள்ளிக்கு பத்து ஃபிரிங்கி கடற்கரையில குதிரை சவாரி கிடைக்கும்” என்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள். தமிழில் வினை கடைசியில் வந்து உட்காரும். சிரிப்பு முதலிலேயே இறங்கிவிடும், ‘கிடைக்கும்’ காலி பஸ் மாதிரி பின்னால் ஓடும். மாற்றிப் போடுங்கள்: “குதிரைக்கு ராஜ்யமா? பத்து ஃபிரிங்கியில முப்பது வெள்ளி!” வினையையே வெட்டியாயிற்று. பதில் ஏழு சொல்லைத் தாண்டினால் எங்கோ கொழுப்பு இருக்கிறது என்று அர்த்தம். ரோமாபுரி மக்களிடம் ஆண்டனி “உங்கள் காதுகளைக் கடன் கொடுங்கள்” என்று கேட்கும்போது இரண்டே சொல் போதும்: “வட்டி எவ்வளவுங்க?”

ரோமியோவைக் கட்டாயம் சேர்ப்பீர்கள், அதனால் ஒரு எச்சரிக்கை. ஜூலியட் “ரோமியோ, நீ எங்கே இருக்கிறாய்?” என்று கேட்பதாக நினைத்து, “பாலத்துல ஜாம்” என்று பதில் எழுதுவது எல்லோரும் செய்வது. அவள் கேட்பது “நீ ஏன் ரோமியோ?” என்றுதான், பகை வீட்டுப் பெயரை ஏன் சுமக்கிறாய் என்பது பொருள். சரியான அர்த்தத்திலேயே இன்னும் நல்ல பதில் இருக்கிறது: “பேரு வச்சது எங்கப்பாங்க!”

மன்னனின் கொலைக்குத் துணைபோன லேடி மேக்பெத் தூக்கத்தில் நடந்துகொண்டே, இல்லாத ரத்தத்தைத் தேய்த்து “போய்த் தொலை, கறையே!” என்கிறாள். அந்தக் காட்சியில் ஒரு மருத்துவரும் பணிப்பெண்ணும் ஓரமாக நின்று பார்க்கிறார்கள். பதில் சொல்ல ஷேக்ஸ்பியரே ஆள் வைத்திருக்கிறார்! பணிப்பெண் சொல்லட்டும்: “சுடுதண்ணி ஆகாதும்மா, பச்சத்தண்ணி!” சலவைக் குறிப்பும் சரிதான், சுடுதண்ணீர் பட்டால் ரத்தக்கறை துணியில் பிடித்துக்கொள்ளும். நாடகம் தெரிந்தவர்களுக்கு இன்னொரு சிரிப்பும் உண்டு. கொலை நடந்த இரவில் “கொஞ்சம் தண்ணீர் போதும், எல்லாம் போய்விடும்” என்றவளே அவள்தான்.

கடனைத் திருப்பித் தராதவன் உடம்பிலிருந்து ஒரு பவுண்டு சதை கேட்டு வழக்காடும் வட்டிக்காரன் ஷைலக்கும் இப்படித்தான். சௌரஸ்தா மார்க்கெட் இறைச்சிக் கடைக்காரர் “அரைக் கிலோவாப் போட்டுரவா?” என்று கேட்டால் சபை சிரிக்கும். ஒரு பவுண்டு 454 கிராம். அந்த மிச்சம் 46 கிராமில்தான் ஷைலக்கின் கழுத்தே இருக்கிறது: தராசு முடியளவு அசைந்தாலும் உனக்குச் சாவு, ஒரு சொட்டு ரத்தமும் சிந்தக் கூடாது என்று வழக்கறிஞர் வேடத்தில் வந்த போர்ஷியா மடக்குகிறாள். உங்கள் நிகழ்ச்சியில் நடக்கும் அதே சொல்லுக்குச் சொல் விளையாட்டு, அங்கே வழக்காகவே நடக்கிறது. ஆனால் ஷைலக்கின் யூத இனத்தைத் தொட்டு ஒரு வார்த்தையும் வேண்டாம்.

தமிழிலிருந்து ஒன்றாவது வையுங்கள். கண்ணகியின் “தேரா மன்னா! செப்புவது உடையேன்” நம் மேடைகளில் நாடகமாகப் பழகிய வரி. அவளிடம் கை வைக்காதீர்கள். கணவனைப் பறிகொடுத்தவளைக் கேலி செய்தால் பாட்டிமார்கள் எழுந்து போய்விடுவார்கள். காப்பியத்திலேயே வாயில் காவலன் ஒருவன் இருக்கிறானே, அவன் அரசாங்க அலுவலகக் குரலில் கேட்கட்டும்: “செப்புங்கம்மா, நம்பர் எடுத்தீங்களா?”

15 வசனம் வேண்டாம், ஏழு போதும். எட்டு நிமிடத்தில் இறங்கிவிடலாம். குத்துப்பட்ட சீசர் நண்பனைப் பார்த்துக் கேட்கும் “நீயுமா, புரூட்டஸ்?” வசனத்தை முதலில் வையுங்கள், நாடகம் பார்க்காதவர்களுக்கும் தெரிந்த வரி அது. மேக்பெத்துக்கு மட்டும் முன்னால் ஒரு வரி விளக்கம். பதிலுக்குப் பிறகு விளக்கம் சொல்ல அறிவிப்பாளரை விடவே விடாதீர்கள். வசனம் சொல்பவர் துளியும் சிரிக்காமல், உண்மையான நாடகம் போலவே நடிக்க வேண்டும். பதில் சொல்பவருக்குத் தனி மைக் கொடுங்கள், கை மாறும் இரண்டு நொடியில் சிரிப்பு செத்துவிடும். முடிந்தால் அவரை மேடையில் ஏற்றாமல் கூட்டத்தின் நடுவில் உட்கார வையுங்கள், செயற்குழு வரிசையில் மட்டும் வேண்டாம்.