ரீபைண்டில் மட்டும் ஏன் -117?

கேள்வி: இசட்ஓஎஸ் இயங்குதளம் ஓடும் மெயின்ஃபிரேமில் டிபி2 தரவுத்தளம். 3 மாதத்துக்கு முன் ஒரு டேபிளில் புது நெடுவரிசை சேர்த்தோம். அதைப் பயன்படுத்தும் கோபோல் புரோகிராமைத் தொடவில்லை, இன்றும் ஓடுகிறது. ஆனால் பேக்கேஜை (புரோகிராமின் எஸ்க்யூஎல் வரிகளை டிபி2 ஓட்டுவதற்குத் தயாரித்து வைத்த வடிவம்) ரீபைண்ட் செய்தால், அதாவது மறுபடி தயாரித்தால், -117 பிழை வருகிறது. ஓடும் புரோகிராமில் எப்படிப் பிழை?

பதில்: புரோகிராமில் ஓர் இன்சர்ட் வரி நெடுவரிசைப் பெயர்களைச் சொல்லாமல் நேரே 'வேல்யூஸ்' என்று தொடங்கும், தேடிப் பாருங்கள். பெயர் சொல்லாவிட்டால் டிபி2 பைண்ட் நேரத்தில் (பேக்கேஜ் உருவாகும்போது) தானே ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளும். டேபிளில் அன்று 12 நெடுவரிசை என்றால் பேக்கேஜுக்குத் தெரிந்தது அந்த 12தான். 13-வதைச் சேர்த்தாலும் பழைய பேக்கேஜ் கவலைப்படாது. அதில் நல் அல்லது டிஃபால்ட் மதிப்பு விழும். ரீபைண்ட் பட்டியலைப் புதிதாக எடுக்கிறது: நெடுவரிசை 13, மதிப்பு 12. எண்ணிக்கை பொருந்தவில்லை, அதனால்தான் -117. எந்த வரி என்பதை ரீபைண்டின்போது வரும் டிஎஸ்என்எக்ஸ்200ஐ பிழைச் செய்தியிலுள்ள ஸ்டேட்மென்ட் எண் காட்டும்.

ரீபைண்ட் தோற்றால் பழைய பேக்கேஜ் அப்படியே நிற்கும். அதை நம்பி விட்டுவிடாதீர்கள். அந்தப் பேக்கேஜ் பயன்படுத்தும் இண்டெக்ஸ் (தேடலை வேகப்படுத்தும் அமைப்பு) ஒன்றை யாராவது டிராப் செய்தால், அதாவது நீக்கினால், பேக்கேஜ் செல்லாததாகிவிடும். அடுத்த ஓட்டத்தில் டிபி2 தானாக ரீபைண்ட் செய்யப் பார்த்து, இதே இடத்தில் முட்டி நிற்கும். அது பெரும்பாலும் ராத்திரி பேட்ச் நேரமாகத்தான் இருக்கும்.

வரியில் 12 பெயர்களையும் எழுதி, பிரீகம்பைல், கம்பைல், லிங்க், பைண்ட் நான்கையும் ஒரே மூச்சில் முடியுங்கள். ஓடும் நிரலான லோடு மாட்யூலிலும், பிரீகம்பைல் பிரித்தெடுக்கும் எஸ்க்யூஎல் கோப்பான டிபிஆர்எம்மிலும் ஒரே டோக்கன் (இரண்டும் ஜோடி என்று காட்டும் அடையாளம்) பதிவாகும். புது மாட்யூலை ஏற்றிவிட்டுப் பைண்டை மறந்தால் -805, பொருந்தும் பேக்கேஜ் இல்லை என்ற பிழை. பிழைச் செய்தியில் வரும் டோக்கனை டிபி2 தன் பேக்கேஜ்களைப் பதிந்து வைக்கும் சிஸ்பேக்கேஜ் டேபிளின் கான்டோக்கன் நெடுவரிசையோடு ஒப்பிட்டால் எது பழசு என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: இண்டெக்ஸை டிராப் செய்யுமுன் எந்தெந்தப் பேக்கேஜ் அடிபடும் என்று பார்க்க வழி உண்டா?

பதில்: எந்தப் பேக்கேஜ் எதை நம்பியிருக்கிறது என்று சொல்லும் சிஸ்பேக்டெப் டேபிளில் பிநேம் இண்டெக்ஸின் பெயராகவும் பிடைப் 'ஐ' ஆகவும் உள்ள வரிகளை எடுங்கள்; டிநேம்தான் பேக்கேஜ். டிராப் முடிந்ததும் சிஸ்பேக்கேஜில் வேலிட் 'என்' என்றிருப்பவற்றை நீங்களே ரீபைண்ட் செய்துவிடுங்கள். பிளான்மேனேஜ்மென்ட் (ரீபைண்டின்போது பழைய பேக்கேஜ் பிரதியைச் சேமிக்கும் வசதி) வைத்திருக்கிறோம், ஸ்விட்ச் போட்டுப் பழையதற்குத் திரும்பலாம் என்ற தைரியம் இங்கே உதவாது. பழைய பிரதியும் அந்த இண்டெக்ஸை நம்பியிருந்தால் அதுவும் செல்லாது.

கேள்வி: பெயர் நெடுவரிசையை கேர் 20-லிருந்து (20 எழுத்து நீளம்) 40 ஆக்கினோம். ரீபைண்ட் போதுமா?

பதில்: போதாது. ரீபைண்ட் சுத்தமாக முடியும், சிக்கலே அதுதான். கோபோலில் ஹோஸ்ட் வேரியபிள் (டேபிளின் மதிப்பை வாங்கிக்கொள்ளும் மாறி) இன்னும் பிக் எக்ஸ்(20), அதாவது 20 எழுத்துதான். 26 எழுத்துப் பெயர் வந்தால் கடைசி 6 எழுத்து வெட்டுப்படும். எஸ்க்யூஎல்கோட் 0, அதாவது பிழை இல்லை; எஸ்க்யூஎல்வார்ன்1 என்ற எச்சரிக்கை இடத்தில் மட்டும் ஒரு 'டபிள்யூ'. அதை எத்தனை புரோகிராம் பார்க்கிறது? படித்த பெயரையே அப்டேட்டில் திருப்பி எழுதும் புரோகிராமானால் டேபிளில் இருந்த முழுப்பெயரும் போச்சு. டிசிஎல்ஜென் (டேபிளுக்கேற்ற கோபோல் மாறிகளை உருவாக்கும் கருவி) மறுபடி எடுத்து, அது தரும் காப்பிபுக்கைச் (பல புரோகிராம்கள் பகிரும் கோப்பு) சேர்க்கும் எல்லாவற்றையும் கம்பைல் செய்து பைண்ட் செய்யுங்கள். அந்தப் பெயரை ஃபைலில் எழுதுபவற்றில் ரெக்கார்டு நீளமும் சார்ட் கார்டின் (ஃபைலை வரிசைப்படுத்தும் கட்டளை) இடக்கணக்கும் மாறும்.

ஸ்மால்இன்ட்டை (சிறிய முழு எண் வகை) பெரிய வகையான இன்டிஜராக்குவதும் இதே ரகம். மதிப்பு 32,767-ஐத் தாண்டும் நாள்வரை சத்தமில்லை, தாண்டினால் -304, மதிப்பு ஹோஸ்ட் வேரியபிளில் அடங்கவில்லை என்ற பிழை.