150 குழிக்கு 15 மூட்டை குத்தகையா?

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்குத் திருவையாறு பக்கம் ஒரு சிற்றூர். 3 மா நஞ்சை வைத்துப் பயிர் செய்கிறேன். மச்சான் மூலமாகப் புதுச்சேரி பாகூர் அருகே 150 குழி நிலம் குத்தகைக்கு வருகிறது. போகத்துக்குக் காணிக்கு 10 மூட்டை, ஆக மொத்தம் 15 மூட்டை நெல் கேட்கிறார்கள். எங்கள் ஊர்க் கணக்கில் 150 குழி என்பது ஒன்றரை மா. அதில் விளைவதே 18 மூட்டைதான். இதில் 15 மூட்டையைக் கொடுத்துவிட்டு நான் என்ன செய்வது? மச்சானோ, "100 குழிக்கு 40 மூட்டை காணும், நியாயமான குத்தகைதான்" என்கிறார். அவர் ஏமாற்றுகிற ஆள் இல்லை. நான் எங்கே தவறுகிறேன்? எடுத்தால் சம்பாவுக்குக் கோ 52 நெல் ரகம் போட எண்ணம். விதை, நாற்றங்கால், உரம் எவ்வளவு என்றும் சொல்லுங்கள். இங்கே மாவுக்கு 3 மரக்கால் விதைதான் எங்கள் வழக்கம்.

பதில்: மச்சானோடு சண்டை போடுவதற்கு முன்னால் கேட்டீர்களே, நல்லது. நீங்கள் சொல்வதும் சரி, அவர் சொல்வதும் சரி. இரண்டு பேரும் குழி என்றுதான் சொல்கிறீர்கள், ஆனால் நிலம் அளக்கும் கோல் வேறு.

தஞ்சாவூர்ப் பக்கம் குழி என்றால் 12 அடிக் கோலுக்கு ஒரு கோல் நீளம், ஒரு கோல் அகலம். 12-ஐ 12-ஆல் பெருக்கினால் 144 சதுர அடி. அப்படி 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. புதுச்சேரியிலும் பழைய செங்கல்பட்டுச் சீமையிலும் 24 அடிக் கோல். அங்கே ஒரு குழி 24 பெருக்கல் 24, அதாவது 576 சதுர அடி. கோல் இரண்டு மடங்கு நீண்டால் பரப்பு நான்கு மடங்கு ஆகிவிடும். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் இடறுகிறார்கள்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். உங்கள் ஊர் 150 குழி 21,600 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, அதால் வகுத்தால் 49.6 சென்ட், அரை ஏக்கர். பாகூர் 150 குழி 86,400 சதுர அடி. அதே 435.6-ஆல் வகுத்தால் 198 சென்ட். கிட்டத்தட்ட இரண்டு ஏக்கர், உங்கள் கணக்கில் ஆறு மா.

காணி இன்னும் மோசம். பழைய பின்னக் கணக்கில் மா என்றால் இருபதில் ஒரு பங்கு, காணி என்றால் எண்பதில் ஒரு பங்கு. வேலியில் இருபதில் ஒன்று என்பதால்தான் உங்கள் மாவுக்கே மா என்று பெயர். அதே கணக்கில் காணி என்பது வேலியில் எண்பதில் ஒன்று, 25 சின்னக் குழி, 8 சென்ட்டும் கொஞ்சமும். பாகூர்க் காணியோ 100 பெரிய குழி, ஒரு ஏக்கர் 32 சென்ட். பெயர் ஒன்றுதான், பரப்பு 16 மடங்கு. தாத்தா காலத்துப் பத்திரத்தில் காணி என்று கண்டால், எந்த ஊர்ப் பத்திரம் என்று பார்க்காமல் வாயைத் திறக்காதீர்கள்.

இதில் நானே சூடு பட்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சில வருடம் வடக்கே, இந்தப் பெரிய குழிப் பக்கம் இருந்துவிட்டு டெல்டாவுக்கு மாற்றலாகி வந்தேன். யூரியா மூட்டை 50 கிலோவாக இருந்த காலம். தூர் கட்டும் பருவத்தில் ஒருவர் மேலுரம் கேட்டார். வாய்ப் பழக்கத்தில் "100 குழிக்கு ஒரு மூட்டை யூரியா" என்று சொல்லிவிட்டேன். காணிக்குச் சரியான அளவு அது. அவர் தன் ஒரு மா வயலில் முழு மூட்டையையும் போட்டுவிட்டார். பத்து நாளில் பயிர் கரும்பச்சையாக நின்றது, பார்க்க அழகுதான். அப்புறம் இலைச்சுருட்டுப் புழு வந்தது, கதிர் வாங்கும் நேரத்தில் ஒரு மழைக்கு வயல் முழுக்கப் பாயாகப் படுத்துவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. "நீங்க சொன்னபடிதான் சார் போட்டேன்" என்றார். அன்றிலிருந்து யார் என்ன கேட்டாலும் முதலில் எத்தனை அடிக் கோல் என்று கேட்டுவிட்டுத்தான் பேசுவேன்.

சரி, உங்கள் குத்தகைக்கு வருவோம். குழியைப் போல மூட்டையும் ஊருக்கு ஊர் மாறும். டெல்டாவில் பெரும்பாலும் 12 மரக்கால் ஒரு கலம், 2 கலம் ஒரு மூட்டை, ஏறக்குறைய 60 கிலோ. வட மாவட்டங்களில் 75 கிலோ மூட்டை சாதாரணம். உங்கள் நிலக்காரர் சொல்வது எது என்று கேட்டுவிடுங்கள். 75 கிலோ என்று வைத்தால் 15 மூட்டை 1,125 கிலோ. 60 கிலோ என்று நீங்கள் நினைத்துக் கொண்டிருந்தால் 900 கிலோ. நடுவில் 225 கிலோ, உங்கள் மூட்டையில் நாலு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. களத்தில் நின்றுகொண்டு பேசினால் இது நிச்சயம் தகராறு.

1,125 கிலோவை ஆறு மாவுக்குப் பங்கிட்டால் மாவுக்கு 187 கிலோ, உங்கள் மூட்டையில் மூன்றும் கொஞ்சமும். மச்சான் சொன்ன 40 மூட்டை விளைச்சலும் பெரிய அதிசயம் இல்லை. 40-ஐ 75-ஆல் பெருக்கினால் 3,000 கிலோ, அதை 1.32 ஏக்கருக்கு வகுத்தால் ஏக்கருக்கு 2,270 கிலோ. நீங்கள் ஒன்றரை மாவில் 18 மூட்டை எடுப்பதாகச் சொல்கிறீர்கள். மாவுக்கு 12 மூட்டை, 720 கிலோ. மூன்று மாவும் சொச்சமும் ஒரு ஏக்கர் என்பதால் ஏக்கருக்கு 2,180 கிலோ வரும். இரண்டு ஊருக்கும் வித்தியாசம் ஒன்றரை மூட்டை. விளைச்சலில் நாலில் ஒரு பங்கு குத்தகை என்றாகிறது. தண்ணீரும் வடிகாலும் எப்படி என்று பார்த்து முடிவு செய்யுங்கள், அளவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

நிலப் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், 2.47 சென்ட். 0-40.50 என்று இருந்தால் ஒரு ஏக்கர் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அதை ஒட்டி மற்றதை ஊகித்துவிடலாம். புதுச்சேரி ஆவணங்களில் பிரெஞ்சுக்காரர் பழக்கத்தில் ஹெக்டேர், ஆர் (நம் ஏர்தான்), சென்டியார் என்று மூன்று எண் வரும். உங்கள் 150 குழி 0-80-27 என்கிற மாதிரி இருக்க வேண்டும். கடைசி எண்ணைச் சென்ட் என்று படித்துவிடாதீர்கள். சென்டியார் என்பது ஒரு சதுர மீட்டர்தான், சென்ட் 40 சதுர மீட்டருக்கு மேல். அந்த 27 வெறும் 27 சதுர மீட்டர், ஒரு சென்ட்டுக்கும் குறைவு. பத்திரத்தில் இருப்பதும் வயலில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று ஒரு தடவை நாடா பிடித்து அளந்து கொள்ளுங்கள். வரப்பு நகரும்.

விதை. கோ 52 130 முதல் 135 நாள் வயது, மத்திய கால ரகம். மத்திய கால ரகத்தை நடவு செய்யத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்கு 40 கிலோ. உங்களுக்கு 0.80 ஹெக்டேர், 32 கிலோ போதும். ஒன்றரை மா என்று நினைத்து உங்கள் வழக்கப்படி நாலரை மரக்கால் மட்டும் கட்டிக்கொண்டு போயிருந்தால், மூட்டைக் கணக்கில் மரக்கால் இரண்டரைக் கிலோ என்று வைத்தாலும் 11 கிலோதான் இருந்திருக்கும். ஆறு மாவுக்கு 18 மரக்கால் என்று சரியாகக் கணக்கிட்டால் 45 கிலோ, அது அதிகம். மாவுக்கு 3 மரக்கால் என்பது ஹெக்டேருக்கு 60 கிலோ போடும் குறுவை ரகங்களுக்குப் பொருந்தும். சம்பாவுக்கும் அதையே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

அந்த இரண்டரைக் கிலோவையும் என் பேச்சை நம்பி எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வீட்டு மரக்காலை எடுங்கள். காய்ந்த விதை நெல்லைக் கொட்டி, தலை தட்டி, தராசில் நிறுத்துப் பாருங்கள். அடுத்து கூம்பாக விட்டு ஒரு முறை. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு வருகிறது என்று பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும். சி.ஆர். 1009 மாதிரி மோட்டா நெல்லும் ஆடுதுறை 43 மாதிரி சன்ன நெல்லும் ஒரே எடைக்கு ஒரே எண்ணிக்கை விதை கொடுப்பதில்லை. அளவு என்பது கொள்ளளவா எடையா என்று தெரியாமல் மாற்றினால் எந்தப் பெருக்கு எண்ணும் உதவாது. நிறுத்து வந்த எடையை மரக்காலின் அடியிலேயே பெயின்டால் எழுதிவிடுங்கள்.

நாற்றங்கால் ஹெக்டேருக்கு 20 சென்ட், உங்களுக்கு 16 சென்ட். சென்ட்டுக்கு 2 கிலோ விதை. அரை ஏக்கர் என்று நினைத்து 4 சென்ட் விட்டிருந்தால் நடவாட்கள் கால்வாசி வயலில் நாற்று தீர்ந்துபோய்க் கரையேறி நின்றிருப்பார்கள்.

உரம் ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து 150:50:50. ஏக்கருக்கு 60:20:20, உங்கள் இரண்டு ஏக்கருக்கு 120:40:40. இந்த எண்கள் சத்தின் கிலோ, உரத்தின் கிலோ அல்ல. டி.ஏ.பி.யில் மணிச்சத்து நூற்றுக்கு 46, ஆக 40 கிலோவுக்கு 87 கிலோ டி.ஏ.பி. அதிலேயே தழைச்சத்து நூற்றுக்கு 18 வீதம் 16 கிலோ வந்துவிடுகிறது, கழித்துவிடுங்கள். மீதி 104 கிலோ தழைச்சத்துக்கு யூரியா 227 கிலோ. 2018-லிருந்து யூரியா மூட்டை 45 கிலோ. பழைய 50 கிலோ கணக்கில் நாலரை மூட்டை வாங்காதீர்கள், ஐந்து மூட்டை வேண்டும். சாம்பல் சத்துக்குப் பொட்டாஷ் 67 கிலோ. அடியுரமாக டி.ஏ.பி. முழுவதும், யூரியா 31 கிலோ, பொட்டாஷ் 17 கிலோ. மீதியைத் தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது, கதிர் வெளிவரும்போது என மூன்று முறை, ஒவ்வொரு முறையும் யூரியா 65 கிலோ, பொட்டாஷ் 17 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மண் பரிசோதனை அட்டை நிலக்காரரிடம் இருந்தால் அதன்படி மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் குரும்பாப்பட்டு வேளாண் அறிவியல் நிலையத்தில் மண்ணைக் கொடுத்துப் பார்த்துவிட்டு உரம் வாங்குங்கள்.

குத்தகை ஒப்பந்தத்தில் காணி, குழி, மூட்டை எதையும் எழுத விடாதீர்கள். இத்தனை ஆர் நிலம், போகத்துக்கு 1,125 கிலோ காய்ந்த நெல், சாக்கு எடை நீக்கி என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். மச்சானைச் சாட்சிக்கு வைத்துக்கொள்ளலாம்.