கணவர் தீயணைப்பு வீரர்; நோட்டீஸ் வந்திருக்கிறது. அவரைக் கைவிட்டவளா நான்?

கேள்வி: என் கணவர் தீயணைப்பு வீரர். திருமணமாகி ஏழு வருடம் ஆகிறது, நான்கு வயதில் மகள். எங்கள் திருமணம் இந்து திருமணச் சட்டப்படி பதிவானது. போன வருடம் ஒரு கிடங்கில் பிடித்த தீயில் இவருடன் உள்ளே போன சக வீரர் உயிரோடு திரும்பவில்லை. அதிலிருந்து இவர் தூங்குவதில்லை, பேசுவதில்லை. ஷிப்ட் முடிந்த பிறகும் நிலையத்திலேயே தங்கிவிடுகிறார். வீட்டுக்கு வந்தால், குழந்தை சத்தமாகச் சிரித்தால்கூட எரிந்து விழுகிறார். கை நீட்டியதில்லை. தாங்க முடியாமல் எட்டு மாதம் முன்பு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போது, ‘காரணமின்றிக் கைவிட்டுச் சென்றுவிட்டாய், 15 நாளில் திரும்பாவிட்டால் விவாகரத்து’ என்று வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. அவருடைய மேலதிகாரியிடம் புகார் கொடுக்கச் சொல்கிறார் அண்ணன். எனக்கு விவாகரத்து வேண்டாம். என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் பயத்தை விடுங்கள். இந்த நோட்டீஸால் உங்கள் திருமணம் முறிந்துவிடாது. 15 நாள் என்பது எதிர்த்தரப்பு வக்கீல் வைத்த கெடுதானே தவிர, சட்டம் வைத்தது அல்ல.

இந்து திருமணச் சட்டம், 1955-ன் 13-வது பிரிவுப்படி, கைவிட்டுச் சென்றதைக் காரணமாக வைத்து விவாகரத்து கேட்க, மனு போடும் நாளுக்கு முன் இரண்டு ஆண்டுகள் தொடர்ச்சியாகப் பிரிந்திருந்திருக்க வேண்டும். உங்களுக்கு எட்டு மாதம்தான் ஆகிறது. ஆண்டுக்கணக்கு மட்டும் போதாது. இனிச் சேர்ந்து வாழவே போவதில்லை என்ற எண்ணத்தோடு நியாயமான காரணமில்லாமல் போனதாகவும் நிரூபிக்க வேண்டும். 1956-ல் பிபின்சந்திரா எதிர் பிரபாவதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான். அந்த வழக்கிலும் மனைவி தாய் வீட்டுக்குப் போனார், கணவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். ஆனால் மனைவியை அனுப்ப வேண்டாம் என்று கணவரே அடித்த தந்தி நீதிமன்றத்தின் முன் வந்தது. கணவர் தோற்றார்.

உங்கள் வழக்கில் அந்தத் தந்தியின் இடத்தில் இருப்பவை வாட்ஸ்அப் செய்திகள். ‘எப்போது வருவீர்கள், பாப்பா கேட்கிறாள்’ என்று நீங்கள் அனுப்பியிருந்தால் அதைவிட நல்ல சாட்சியம் வேண்டியதில்லை. எதையும் அழிக்காதீர்கள், அந்த போனையும் மாற்றாதீர்கள்.

நோட்டீஸுக்குக் கட்டாயம் பதில் அனுப்புங்கள். சும்மா இருந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடாது. ஆனாலும் பிறகு நீங்கள் சொல்லும் காரணத்தை, ‘அன்றைக்கே ஏன் சொல்லவில்லை’ என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். பதில் ஒரு பக்கம் இருந்தால் போதும். எந்தச் சூழலில் வீட்டை விட்டு வந்தீர்கள், சேர்ந்து வாழ இன்றும் தயார், அவர் சிகிச்சைக்குப் போனால் கூடவே வருவீர்கள் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். அவரைக் குற்றவாளி ஆக்கும் ஒரு வரிகூட வேண்டாம். வக்கீல்களில் சிலர், பதில் நோட்டீஸ் என்றாலே கொடுமை, வரதட்சணை என்று எல்லாவற்றையும் சேர்த்து எழுதிவிடுவார்கள். நடக்காததை எழுதச் சம்மதிக்காதீர்கள். அந்தக் காகிதத்தை நாளைக்கு அவர் படிப்பார்.

அண்ணன் சொன்ன புகாருக்கு வருகிறேன். அது கூடவே கூடாது. சீருடைப் பணியில் மேலதிகாரிக்குப் போகும் புகார் விசாரணையாக மாறலாம், பதவி உயர்வில் கைவைக்கலாம். இராணுவ அதிகாரி ஒருவரின் மனைவி மேலதிகாரிகளுக்குத் தொடர்ந்து புகார் அனுப்பி, அதனால் கணவரின் பணி பாதிக்கப்பட்ட வழக்கில், அதை மனரீதியான கொடுமை என்று சொல்லி 2021-ல் உச்ச நீதிமன்றம் விவாகரத்து கொடுத்தது. இன்று அவர் கையில் விவாகரத்துக்குக் காரணம் எதுவும் இல்லை. நீங்களே ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

நீங்கள் எழுதியதில் என்னை மிகவும் உறுத்தியது வேறு. ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்கு வராதவர், தூக்கம் போனவர், சத்தத்துக்கு எரிந்து விழுபவர். நான் மருத்துவர் இல்லை. ஆனால் கண்முன்னே சக வீரரைப் பறிகொடுத்தவரிடம் இவை தெரிகிறபோது, மனநல மருத்துவரைப் பார்ப்பதுதான் முறை. மருத்துவரிடம் போனால் வேலை போய்விடும் என்று பயந்து பல வீரர்கள் போவதே இல்லை. மனநலச் சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காக்கும் உரிமையை 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு கொடுக்கிறது. இது அவர் காதுக்கு எட்ட வேண்டும். நீங்களோ, அவர் நம்பும் ஒரு நண்பரோ சொல்லலாம். அதே சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ‘மனநிலை சரியில்லாதவர்’ என்று நீதிமன்றத்தில் எழுதிவிடாதீர்கள். பிறகு சேர்ந்து வாழ வழியே இருக்காது.

அடுத்து அவர், சேர்ந்து வாழ உத்தரவிடக் கோரி இந்து திருமணச் சட்டத்தின் 9-வது பிரிவில் மனு போடலாம். அப்போது, பிரிந்து இருப்பதற்கு நியாயமான காரணம் உண்டு என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. வழக்கு நடக்கும்போது கையில் வருமானம் இல்லையென்றால் அதே சட்டத்தின் 24-வது பிரிவில் இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்கலாம். ஒருவேளை அடியோ மிரட்டலோ தொடங்கினால் நான் இதுவரை சொன்ன வரிசையே மாறிவிடும். 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி உடனே பாதுகாப்பு கேளுங்கள்.

மகளை அவர் பார்ப்பதைத் தடுக்காதீர்கள். ‘ஒவ்வொரு ஞாயிறும்’ என்று எழுதினால் ஷிப்ட் வேலையில் அது நடக்காது. அவர் வராத ஒவ்வொரு ஞாயிறும் புதுச் சண்டையாகும். மாதத் தொடக்கத்தில் அவருடைய டியூட்டிப் பட்டியலை வாங்கி, ஓய்வு நாளைப் பார்த்துத் தேதி போடுங்கள். இரவு முழுக்கத் தீயோடு நின்றுவிட்டு வரும் காலையில் வேண்டாம். அவர் தூங்கி எழுந்த பிறகு, மாலையில் இருக்கட்டும். திடீர் அழைப்பு வந்தால் மாற்றுத் தேதி என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் பேச வழக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். பதில் நோட்டீஸ் அனுப்பிய கையோடு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய், வழக்குக்கு முந்தைய சமரசப் பேச்சுக்கு மனு கொடுங்கள். பெண் என்பதால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மனுவில், அவருடைய ஓய்வு நாளாகப் பார்த்துத் தேதி தரும்படி மறக்காமல் கேளுங்கள்.