ஆன்லைன் கோர்ஸ்ல லேட்டா சப்மிட் பண்ணா மார்க் எப்படி கொறையும், எக்ஸ்ட்ரா கிரெடிட் எப்படி சேரும்?

லேட் பெனால்டின்னா, கெடு தாண்டின ஒவ்வொரு நாளுக்கும் இவ்ளோன்னு மார்க்க கழிக்கிறது. நம்ம தோவாளை சந்தையில விடியக்காலம் வந்த பிச்சிப்பூவுக்கு ஒரு வெல, உச்சிக்கு வந்தா வேற வெல, பூ என்னவோ அதே பூதான். இங்கயும் எழுதுனது நல்லாத்தான் இருக்கும், ஆனா நீங்க குடுக்காம எல்லாருக்கும் விடைய வெளியிட முடியாது, அதுக்குத்தான் இந்த வெட்டு.

கேன்வாஸ்னு ஆன்லைன் கோர்ஸ் நடத்துற ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அதுல டீச்சர் இந்த செட்டிங்க போட்டுருந்தா, மொத்த மார்க்குல இருந்து சதவீதம் கழியும். நூத்துக்கு 80 வாங்குனீங்க, நாளுக்கு 10 சதவீதம், ரெண்டு நாள் லேட்டுன்னா 60. நாள் கணக்குல வச்சிருந்தா அஞ்சு நிமிஷம் தாண்டுனாலும் ஒரு முழு நாளாத்தான் எடுக்கும், நம்ம ஊரு கரண்ட்டை நம்பி கடைசி நிமிஷம் வரைக்கும் தள்ளிப் போடாதீங்க.

எக்ஸ்ட்ரா கிரெடிட்டுன்னா, கூடுதலா செய்யிற வேலைக்கி குடுக்குற மார்க். அதுல வாங்குனது மேல சேரும், கீழ இருக்க மொத்தம் மாறாது. 400க்கு 340ன்னா 85 சதவீதம், கூட 10 கெடச்சா 350, அதாவது 87.5. டீச்சர்மாரு இத தெரியாம சாதாரண அசைன்மென்டா போட்டுட்டா மொத்தம் 410 ஆயிரும், அத செய்யாத புள்ளைக்கி 85 இருந்தது 83க்கும் கீழ போயிரும், இது பெரிய அநியாயம். அதனால கேன்வாஸ்ல அந்த அசைன்மென்டுக்கு மொத்த மார்க் பூஜ்யம்னு போடுவாங்க.

நெறைய பேரு நெனைக்கிற மாதிரி 10 சதவீதம் வெட்டுன்னா நீங்க வாங்குன 80ல 8 போறது இல்ல, கேன்வாஸ்ல நூறுல 10 போகும்.