“கொஞ்சம் பேசணும்” என்று மட்டும் அனுப்பினால் பயப்படத்தான் செய்வார்கள்

கேள்வி: எனக்குக் கீழே ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். நான் குரலை உயர்த்திப் பேசியதே இல்லை. ஆனாலும் “ஃப்ரீயா இருந்தா கூப்பிடுங்க” என்று ஒரு மெசேஜ் போட்டால் போதும், “சார், ஏதாவது தப்பா?” என்றுதான் எல்லோரும் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். போன மாதம் ஒருவர் அழுதேவிட்டார். நான் கூப்பிட்டது அவருக்கு ஒரு புது ப்ராஜெக்ட் கொடுக்க! என் பேச்சை எப்படி மாற்றிக்கொள்வது? இரண்டு நாள் பயிற்சி வகுப்பு ஒன்றில் சேரச் சொல்கிறார்கள், சேரலாமா?

பதில்: சேர வேண்டாம். ஏன் என்று பிறகு வருகிறேன்.

முதலில், உங்கள் பேச்சில் கோளாறு எதுவும் இல்லை. பேசுவதற்கு முன்னால் நீங்கள் அனுப்புகிற அந்த ஒற்றை வரியில்தான் கோளாறு. நீங்கள் சாந்தமானவர் என்பது உங்களுக்குத் தெரியும், அதனால் அந்த வரியை எழுதும்போது உங்கள் காதில் சாந்தமான குரல் கேட்கிறது. படிப்பவர் காதில் கேட்பது அவருடைய பயத்தின் குரல். 2005இல் ஜஸ்டின் குரூகர், நிக்கலஸ் எப்லி உள்ளிட்ட உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கிண்டலாகச் சில வரிகள், நிஜமாகச் சில வரிகள், இரண்டையும் மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார்கள். படிப்பவர் நூற்றுக்கு 78 தடவை சரியாகப் புரிந்துகொள்வார் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். நடந்தது 56. காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 கிடைக்கும்!

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். மனிதனுக்குக் கெட்ட செய்தியை விடத் தாங்க முடியாதது, கெட்ட செய்தியா இல்லையா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதுதான். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 2016இல் 45 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். கணினி விளையாட்டில் கல்லைப் புரட்ட வேண்டும், அடியில் பாம்பு இருந்தால் கையில் மின்சார அதிர்ச்சி. அதிர்ச்சி வருமா வராதா என்பது பாதிக்குப் பாதி என்றிருந்தபோதுதான் பதற்றம் உச்சத்தில் இருந்தது, நிச்சயம் வரும் என்று தெரிந்தபோது அவ்வளவு இல்லை. “ஃப்ரீயா இருந்தா கூப்பிடுங்க” என்பது அந்தப் பாதிக்குப் பாதிக் கல்.

நானே பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு ஒரு பெண்மணிக்கு அவருடைய மேனேஜரிடமிருந்து “திங்கள் காலை ஒரு விஷயம் பேசணும்” என்று மெசேஜ் வந்தது. “என்ன விஷயம்?” என்று திருப்பிக் கேட்டார். திரையில் ‘டைப் செய்கிறார்’ என்று வந்தது, நின்றது, மறுபடி வந்தது, மறுபடி நின்றது. கடைசியில் வந்தது ஒரே சொல்: “நேர்ல.” சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர் கடந்த மூன்று மாத மின்னஞ்சல்களை ஒவ்வொன்றாகத் திறந்து, எங்கே பிசகினோம் என்று தேடியிருக்கிறார். பழைய பயோடேட்டாவை எடுத்துத் தூசி தட்டியும் வைத்துவிட்டார். திங்கள் காலை விஷயம் என்னவென்றால், புதிதாகச் சேரப்போகிற ஒருவருக்கு வேலை சொல்லிக்கொடுக்க முடியுமா என்பது. மேனேஜருக்கோ வெள்ளிக்கிழமை அனுப்பியதே ஞாபகம் இல்லை.

ஆகவே உங்கள் மெசேஜில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: எதைப் பற்றி, எவ்வளவு பெரிய விஷயம், எப்போது. “புது ப்ராஜெக்ட் ஒன்று வந்திருக்கிறது, உங்களுக்குக் கொடுக்கலாமா என்று பேச வேண்டும், பத்து நிமிஷம் போதும், மூன்று மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் சரி.” அவ்வளவுதான். இதை எழுத உங்களுக்கு இருபது விநாடி கூடுதலாக ஆகும். விஷயம் கசப்பானது என்றாலும் இதேதான்: “நேற்று அனுப்பிய அறிக்கையில் இரண்டு கணக்கு தப்பாக இருக்கிறது, மாலைக்குள் சேர்ந்து உட்கார்ந்து சரிசெய்துவிடலாம்.” தப்பு என்று எழுதலாம். தப்பின் அளவைச் சொல்லிவிட்டால் ஆள் அந்த அளவுக்குத்தான் பயப்படுவார்.

இதைக் கேட்டதும் பலர் செய்கிற அடுத்த தப்பு, எல்லா மெசேஜிலும் “பயப்பட ஒன்றுமில்லை” என்று வால் ஒட்டுவது. தயவுசெய்து செய்யாதீர்கள். பத்து மெசேஜில் அந்த வால் இருந்து, பதினோராவதில் மறந்துபோய் விட்டீர்கள் என்றால் அன்றைக்கு அவர் தூங்கமாட்டார்.

ராத்திரி மெசேஜுக்கும் அதிகம் யோசிக்க வேண்டாம், நேரம் குறித்து அனுப்பும் வசதி இப்போது பல செயலிகளில் இருக்கிறது, காலை ஒன்பதுக்குப் போகட்டும். அப்புறம் அவர் பத்து வரி எழுதி அனுப்பினால் “சரி.” என்று முற்றுப்புள்ளி வைத்து முடிக்காதீர்கள், அவருக்கு அது கோபமாகக் கேட்கும்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதை நிதானமாகப் படியுங்கள். உங்கள் டீமில் ஒருவர் மீது முறையான புகார் வந்திருக்கிறது என்று வையுங்கள். தொல்லை கொடுத்தார் என்றோ பணத்தில் கை வைத்தார் என்றோ. அப்போது “எதைப் பற்றி” என்பதை மெசேஜில் எழுதக் கூடாது. புகார் கொடுத்தவர் யார் என்பது அதிலிருந்தே வெளியே வந்துவிடலாம், எழுத்தில் போனது எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. சரி, அதற்காக “சும்மா ஒரு காபி சாப்பிடலாம் வாங்க” என்று அழைத்துக்கொண்டு போய் விசாரணை அறையில் உட்கார வைப்பீர்களா? நிறைய பேர் அதைத்தான் செய்கிறார்கள், அதுவும் மென்மையாக நடந்துகொள்வதாக நினைத்துக்கொண்டு. அதற்குப் பிறகு உங்கள் டீமில் யாரும் உங்களோடு நிம்மதியாகக் காபி குடிக்கமாட்டார்கள். “இது முறையான கூட்டம், ஹெச்.ஆர். ஒருவரும் இருப்பார், விவரம் அங்கேதான் சொல்ல முடியும், இன்றைக்கே இத்தனை மணிக்கு” என்று எழுதுங்கள். அவர் பயப்படுவார். பயப்பட வேண்டிய விஷயம்தான் அது. ஆனால் அன்றைக்கே வையுங்கள், நாலு நாள் கழித்து அல்ல. நிறுவனத்தில் இதற்கென்று விதிமுறை இருந்தால் அதைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள், உங்கள் சொந்தச் சாமர்த்தியத்தை இங்கே காட்ட வேண்டாம்.

இப்போது நான் யாரிடம் பேசினாலும் கேட்கிற ஒரு கேள்வி: உங்களுக்கும் டீமுக்கும் நடுவில் யார் இருக்கிறார்கள்? ஒருவர் நிச்சயம் இருப்பார். “சார், நான் சொன்னேன்னு சொல்லாதீங்க, டீம்ல கொஞ்சம் அதிருப்தி இருக்கு” என்று உங்களிடம் வருவார். அதே ஆள் அந்தப் பக்கம் போய், “சார் இன்னைக்கு மூடே சரியில்ல, பார்த்துக்கோங்க” என்பார். நீங்கள் தலைவலியில் முகம் சுளித்ததை ஆட்குறைப்பு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் அவர். இரண்டு பக்கத்து பயமும்தான் அவருடைய மூலதனம். உங்கள் ஒன்பது பேர் நடுங்குவதில் பாதிப் பங்கு இவருடையதாக இருந்தால் எனக்கு ஆச்சரியமே இல்லை. இவர் மூலமாகச் செய்தி அனுப்புவதை, இவர் மூலமாகச் செய்தி வாங்குவதை, இரண்டையும் நிறுத்துங்கள். “அவரையே என்னிடம் நேரா சொல்லச் சொல்லுங்க” என்று மூன்று தடவை சொன்னால் நான்காவது தடவை வரமாட்டார்.

பயிற்சி வகுப்புக்கு வருவோம். இரண்டு நாளில் உங்களுக்கு ஒரு வண்ணம் ஒதுக்குவார்கள், நீங்கள் சிவப்பு, அவர் நீலம் என்று. நாலு எழுத்தில் உங்கள் சுபாவத்தை அடக்கிச் சான்றிதழும் தருவார்கள். அப்புறம் அந்தப் பழைய சாண்ட்விச் வித்தை: முதலில் ஒரு பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் மறுபடி பாராட்டு. இதை ஒரு மாதம் செய்து பாருங்கள், “நீங்க நல்லா வேலை செய்றீங்க” என்று நீங்கள் வாயைத் திறந்ததுமே எதிரில் இருப்பவர் நாற்காலியை இறுகப் பிடிப்பார். பாராட்டையே அபாயச் சங்காக மாற்றுவதற்கு ஒரு கட்டணம்! ஒருவர் வேலையைப் பற்றிக் கருத்துச் சொல்வதால் அந்த வேலை மேம்படுமா என்று 600க்கும் மேற்பட்ட ஆய்வு முடிவுகளைத் திரட்டி 1996இல் க்ளூகர், டெனிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். சராசரியில் பலன் இருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட முடிவுகளில் வேலை மோசமாகியிருந்தது. பேச்சு வேலையைப் பற்றி இல்லாமல் ஆளைப் பற்றித் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் முடிவு. உங்களுக்குத் தேவையான பாடம் அவ்வளவுதான்: அறிக்கையின் மூன்றாம் பக்கத்தைப் பற்றிப் பேசுங்கள், “நீங்க கவனமில்லாதவர்” என்று பேசாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது உங்கள் தப்பு இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை அப்ரைசல் என்று வைத்து, பன்னிரண்டு மாதக் கணக்கையும் ஒரே அறையில் ஒரே மணி நேரத்தில் தீர்க்கிற முறையை யார் கண்டுபிடித்தார்களோ! போதாததற்கு மேலிடத்திலிருந்து தலைப்பு மட்டும் போட்டு, “முக்கிய அறிவிப்பு, அனைவரும் கலந்துகொள்ளவும்” என்று ஒரு காலண்டர் அழைப்பு வரும். உள்ளே ஒரு வரி இருக்காது. வக்கீல் பார்த்த பிறகுதான் வரி எழுத வேண்டுமாம். அந்த அழைப்பு வந்த ஐந்து நிமிஷத்தில் உங்கள் ஒன்பது பேரும் உங்களைப் பார்ப்பார்கள். உங்களுக்கும் தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லுங்கள். தெரிந்தும் சொல்லக் கூடாது என்றால், “தெரியும், இப்போது சொல்ல அனுமதி இல்லை, வியாழக்கிழமை சொல்லிவிடுவார்கள்” என்று தேதியோடு சொல்லுங்கள். “ஒன்றும் இல்லை” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அழுதவரைப் பற்றி. அவரிடம் தனியாக, “அன்றைக்கு விஷயம் என்னவென்று எழுதாமல் கூப்பிட்டுவிட்டேன், இனிமேல் எழுதிவிட்டுத்தான் கூப்பிடுவேன்” என்று சொல்லுங்கள். நீங்கள் ஏன் அழுதீர்கள் என்று கேட்க வேண்டாம். இதையெல்லாம் செய்தாலும் முதல் சில வாரம் “சார், ஏதாவது தப்பா?” என்று கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள், பழக்கதோஷம். எரிச்சல்படாமல் “இல்லை, மெசேஜில் எழுதினேனே, அதுதான்” என்று சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்குப் போங்கள்.