மழை உண்டா என்று கேளுங்கள்

கேள்வி: அக்கா, என் மகன் கனடாவில், ரெஜைனாவில் வேலை பார்க்கிறான். ஜூலையில் அவனிடம் போகிறோம். அங்கிருந்து கால்கரி வரை காரில் கூட்டிப்போவதாகச் சொல்கிறான். வழியெல்லாம் சமவெளி, குட்டிக் குட்டி ஊர்களாம். எனக்கும் அவருக்கும் ஆங்கிலம் அரைகுறைதான். அந்த ஊர்க்காரர்களிடம் பேச முடியுமா, இல்லை காருக்குள்ளேயே இருந்துவிடுவதா?
- வாசகி, பாலக்கோடு

பதில்: கட்டாயம் இறங்கிப் பேசுங்கள் சகோதரி. நானும் மகளோடு அதே ஒன்றாம் எண் நெடுஞ்சாலையில்தான் போனேன். மூஸ் ஜா, ஸ்விஃப்ட் கரண்ட், மெடிசின் ஹாட், அப்புறம் கால்கரி. 750 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பாறைமலை தெரியும் கிருஷ்ணகிரியில் பிறந்தவளுக்கு, அந்த வெட்டவெளி முதலில் நெஞ்சை என்னவோ செய்தது.

ஸ்விஃப்ட் கரண்ட் தாண்டி ஒரு ஜல்லி ரோட்டில் திரும்பச் சொன்னேன். எதிரே வந்தவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே ஒரு விரலை மட்டும் தூக்கினார். அடுத்து வந்தவரும் அப்படியே. அதுதான் அங்கே வணக்கம். நீங்களும் பதிலுக்குக் கை காட்டுங்கள்.

ஊர் என்றால் ஒரே தெரு. தண்டவாளத்தை ஒட்டி, ஊர்ப்பெயர் எழுதிய மரத் தானியக் கிடங்கு. குதிரை வண்டியில் தானியம் கொண்டுபோய் அன்றே வீடு திரும்பும் தூரத்துக்கு ஒன்றாக அந்தக் காலத்தில் கட்டியவை. இப்போது பலவற்றை இடித்துவிட்டார்கள். காபிக் கடையில் தொப்பி போட்ட நாலு பெரியவர்கள். தினமும் காலையில் கூடுவார்களாம், 'காபி ரோ' என்று அதற்குப் பெயர். நம்ம ஊர் டீக்கடை பெஞ்சேதான்.

எந்த ஊர் என்று ஒருவர் கேட்டார். இந்தியா, கிருஷ்ணகிரி, மாம்பழ ஊர் என்றேன். பிறகு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், 'ரெய்ன் குட்?' அவ்வளவுதான், நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டார்கள். அது ஆகஸ்ட் கடைசி, அறுவடை நேரம். இப்போது பெய்தால் பயிர் கெட்டுவிடும் என்று தலையாட்டினார் ஒருவர். களத்தில் ராகி கிடக்கும்போது நாம் வானத்தைப் பார்ப்போமே, அதே பார்வை.

அவரே எழுந்து தன் வண்டிக்குப் போய் ஒரு பிடி பருப்பு கொண்டுவந்தார். வெளியே மங்கலான பழுப்புத் தோல். ஒன்றைப் பல்லில் கடித்துப் பிளந்தேன், உள்ளே ஆரஞ்சுச் சிவப்பு. நம்ம மைசூர் பருப்பு! கனடாவில் விளைவதில் பெரும்பகுதி அந்த சஸ்காட்சுவான் மாகாணத்தில்தான். இந்தியாவுக்குப் போவது அவருக்குத் தெரிந்திருந்தது. நாம் அதை எப்படிச் சமைக்கிறோம் என்பது தெரியாது. மஞ்சள், பூண்டு, கடுகு தாளிப்பு என்று கையை ஆட்டிச் சொன்னேன். கடுகு என்று மகள் சொன்னதும் பக்கத்தில் இருந்தவர் கையைத் தூக்கினார். அவர் வயலில் கடுகாம்! மகள் செய்முறையை பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்ததை இன்னும் மறக்கவில்லை.

நீங்கள் போகும் ஜூலையில் கனோலா என்ற எண்ணெய்வித்துப் பயிர் மஞ்சளாகப் பூத்திருக்கும். போட்டோ எடுக்கும் ஆசையில் கேட்காமல் வயலுக்குள் இறங்காதீர்கள். செருப்பு மண்ணில் பயிர்நோய் பரவும் என்று அவர்களுக்குப் பயம், நியாயமான பயம். பெரோகி கிடைத்தால் சாப்பிடுங்கள், உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை மாதிரி இருக்கும். சைவம் என்றால் மேலே பன்றி இறைச்சி தூவ வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஊருக்கு ஊர் தூரம் அதிகம், டேங்க் பாதியானதுமே பெட்ரோல் போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. மாம்பழம் டன் என்ன விலைக்குப் போகிறது என்று என்னைக் கேட்டார்கள். சொல்லத் தெரியாமல் போனதில் எனக்கு நிஜமாகவே வருத்தம். உங்கள் பாலக்கோடு தக்காளிக்குப் பேர் போனது. கிளம்புகிற அன்று மண்டி விலையைக் கேட்டுக்கொண்டு போங்கள்.