ரிலே அணையும்போதுதான் டிரான்சிஸ்டர் போகிறது

வணக்கம் நண்பரே. 12 வோல்ட் ரிலேயின் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) உள்ளே இருக்கும் கம்பிச்சுருள், அதாவது காயில், 400 ஓம், ஓடுவது 30 மில்லியாம்ப்தான், அதை ஆன்-ஆஃப் செய்யும், 100 மில்லியாம்ப் தாங்கும் பிசி547 டிரான்சிஸ்டர் ஏன் அடிக்கடி போகிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கணக்கு சரி. ஆனால் அது ரிலே ஆன் ஆகி நிலையாக இருக்கும்போதுள்ள கணக்கு. ஆபத்து அணைக்கும் நொடியில் இருக்கிறது.

காயில் ஒரு இண்டக்டர். தன் வழியே ஓடும் மின்னோட்டம் சட்டென்று மாறுவதை அது விடாது. மாற்றம் எவ்வளவு வேகமோ, அவ்வளவு வோல்டேஜ் அதன் முனைகளில் எழும். காயிலின் இண்டக்டன்ஸ், அதாவது மாற்றத்தை எதிர்க்கும் அளவு, அரை ஹென்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 மில்லியாம்ப் 10 மைக்ரோ விநாடியில் நின்றால் கணக்குப்படி 1500 வோல்ட்! பிசி547 தாங்குவது 45 வோல்ட்தான். அவ்வளவு தூரம் ஏறும் முன்பே அது உடைந்துவிடும். பெரிய டிரான்சிஸ்டர் போட்டாலும் இதே கதைதான், கொஞ்சம் தாமதமாக நடக்கும்.

காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டையோடு (மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் பாகம்) போடுங்கள். வெள்ளிக் கோடு உள்ள முனை 12 வோல்ட் பக்கம், மற்றது கலெக்டர் பக்கம், அதாவது டிரான்சிஸ்டரில் காயில் இணைந்திருக்கும் கால் பக்கம். அணைக்கும்போது மின்னோட்டம் டையோடு வழியே சுற்றித் தேயும், கலெக்டர் 13 வோல்டைத் தாண்டாது. திருப்பிப் போட்டுவிடாதீர்கள், ஆன் செய்ததுமே ஷார்ட் ஆகிவிடும்.

அப்புறம், டையோடு போட்டால் ரிலே விடுவது சற்றுத் தாமதமாகும். மோட்டார் பம்புக்கு அது பொருட்டே இல்லை. வேகம் வேண்டுமென்றால் டையோடுடன் தொடராக, எதிர்த்திசையில் ஒரு 24 வோல்ட் ஜீனர் (24 வோல்டைத் தொட்டதும் எதிர்த்திசையிலும் மின்னோட்டத்தை விடும் டையோடு) சேருங்கள். கலெக்டர் 37 வோல்ட் வரை போகும், 45க்குள் அடங்கிவிடும்.